ஆணியில் தொங்கும் கோடிச் சேலை

திருவாடானையில் பெரிய கோயில் தேரடிக்குப் பக்கத்தில் குடியிருந்து வரும், என் சம்சாரம் முத்தழகுவின் கூடப்பிறந்த தம்பி, மாப்பிள்ளை முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு, சிக்கலுக்குத் தெற்கே உள்ள நமது ஊரிலிருந்து மச்சான் கூத்தையா சொல்லச் சொல்ல எதிர்வீட்டுச் செவ்வந்தி எழுதுவது. அங்கு தாங்களும், தங்கள் சம்சாரம் ஈஸ்வரியும், பிள்ளைகளும், ஆடுமாடுகளும் சுகமாக இருப்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. இங்கு நான் சுகமாக இல்லை. சாகவும் இல்லை. இரண்டாவது சேதி தங்களுக்கு வருத்தம் தரும் என்பதால் அதை முதலிலேயே தெரியப்படுத்திவிட்டேன்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் தாங்கள் "ஒன்னுமில்ல மச்சான், எல்லாம் சரியாப் போயிரும்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடுதாசிக்கு நடுவில் தாங்கள் அப்படிப் புகுந்து பேச முடியாது பாருங்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. செவ்வந்தி நூறு நாள் வேலையில் ஆள் வந்தது வராதது எழுதுகிற பிள்ளை. நான் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நாகரிகமாக மாற்ற மாட்டேன் என்று கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இந்தத் தாங்கள் தாங்கள் என்று சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஆத்தா செவ்வந்தி, இனிமே நீன்னே போடு.

காரியம் இதுதான் மாப்பிள்ளை. நீ மாசி மாசம் கொண்டாந்து எங்க வீட்டு ஆணியில மாட்டிட்டுப் போன மஞ்சப்பைய, வார வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து எடுத்துட்டுப் போயிரு. எடுத்துட்டுப் போனதுக்கப்புறம் இந்த வாசல மிதிக்காத. என்ன பை, எந்தப் பைன்னு ஒனக்கு ஒன்னும் தெரியாத மாதிரி கேப்பன்னு தெரியும். அதனால ஆதியில இருந்து சொல்றேன்.

எனக்கு இது புரட்டாசியில ஆரம்பிச்சது. கம்மாய்க் கரையில நடந்து வந்துக்கிட்டிருந்தேன். கல்லு தடுக்கல, பாம்பக் காங்கல, சும்மா நடந்துதான் வந்தேன். திடீர்னு நெஞ்சுக்குள்ள ரெண்டு பேரு மாத்தி மாத்தி உலக்கை போடுற மாதிரி அடிச்சு, கையி ரெண்டும் மரத்து, மூச்சு பாதித் தொண்டையில நின்னு, இந்தா போயிட்டோம், அவ்வளவுதான்னு ஒரு பயம். எமன் பக்கத்துல நின்னு என் தோள்த் துண்டப் புடிச்சு இழுக்கிறது மாதிரியே இருந்துச்சு. எம்மவன் காளீஸ்வரன் அவன் லோடு வண்டியில என்னையத் தூக்கிப் போட்டு ராமநாதபுரத்துக்குக் கொண்டு போனான். போற வழியெல்லாம் தர்ப்பூசணிப் பழத்துக்கு நடுவுல நானும் ஒரு பழமா உருண்டுக்கிட்டே போனேன். அங்கன ஒரு ஆஸ்பத்திரியில நெஞ்சு முழுக்க வயர ஒட்டிப் படம் எடுத்துப் பாத்துட்டு, "ஒன்னுமில்ல தாத்தா, வீட்டுக்குப் போங்க"ன்னாக. திரும்பி வாரப்ப காளீஸ்வரன் என் மூஞ்சியவே பாக்கல. "ஒன்னுமில்லாததுக்கா லோடை விட்டுட்டு வந்தேன்"னு ஸ்டியரிங்கப் பாத்துப் பேசிக்கிட்டு வந்தான். என்னமோ நான் மாரடைப்பு வாங்கித் தாரேன்னு சொல்லி ஏமாத்திட்ட மாதிரி. கார்த்திகையில மறுபடி வந்துச்சு. மறுபடி வயரு, மறுபடி ஒன்னுமில்ல.

அந்த ஒன்னுமில்லங்கற பேச்சு இருக்கே மாப்பிள்ளை, அதக் கண்டுபுடிச்சவன் என் கையில கெடச்சான்னா மம்பட்டிக் காம்பாலயே பேசிருவேன். கால்ல அருவா வெட்டோட போறவன்கிட்ட யாராச்சும் ஒன்னுமில்லன்னு சொல்லுவாகளா? ரத்தம் வெளிய வந்தாத்தான் நோவு, உள்ளுக்குள்ள கெடந்து துடிச்சா நடிப்பு. இந்த ஊரு நியாயம் அப்படி இருக்கு.

அப்புறம் மாசி வந்துச்சு. மிளகாப் பழம் பறிச்சுக் களத்துல பரத்தியிருந்தோம். களத்துல மிளகா கெடக்கறப்ப எனக்கு என்னைக்குமே கண்ணு வானத்து மேலதான் இருக்கும். ஒன் மூத்த மகளுக்குக் காது குத்துன வருசம் ஒனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கு. மாசியில மழை பெஞ்சு, காயப்போட்ட பழம் முச்சூடும் வெள்ளை பூத்து, கையில எடுத்தா கூழாப் போச்சு. நீ மொட்டைத் தலையில சந்தனத்தப் பூசிக்கிட்டு என் களத்து மேட்டுல நின்னு "போனது போகட்டும் மச்சான்"ன்ன. போனது என் மிளகா. ஒன் மிளகாயா இருந்தா நீ அப்படி நின்னுருப்பியா? அந்த வருசம் நெனப்புல இருக்கறவனுக்கு, வடக்க உத்தரகோசமங்கைப் பக்கமிருந்து கைக்குட்டை அகலத்துல ஒரு மேகம் வந்தா எப்படி இருக்கும்? எனக்கு உள்ள உலக்கை ஆரம்பிச்சிருச்சு. மிளகா மேலயே விழுந்துட்டேன். மேகம் பாட்டுக்கு முதுகுளத்தூர் பக்கம் போயிருச்சு. நான் கட்டிலுக்குப் போயிட்டேன்.

கட்டில்ல கெடக்கேன், காது நல்லாக் கேக்குது, நாக்குதான் எந்திரிக்கல. தலைமாட்டுல யாருன்னு நெனைக்கிற? பங்காளி வீரபத்திரன். ஊருல எவனுக்கு முடியலன்னாலும் முத ஆளா வந்து நாடியப் புடிச்சு நேரம் குறிக்கறவன். அவன் குறிச்ச நேரத்துக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் போனதில்ல. அதுக்காக அவன் குறிக்கறத விட்டதுமில்ல.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குவமா?"ன்னு மருமக உமாமகேஸ்வரி கேட்டா. அந்தப் புள்ளை நல்லாருக்கணும்.

"ரெண்டு தடவையும் ஒன்னுமில்லன்னுட்டாக. இன்னொரு தடவையும் அதத்தான் சொல்வாக"ன்னான் எம்மவன்.

வீரபத்திரன் தொண்டையச் செருமிக்கிட்டான். "ஆஸ்பத்திரியிலயே ஒன்னுமில்லன்னா அப்ப காலம் வந்துருச்சுன்னு அர்த்தம்ப்பா. பாரு, மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இது மண்ணாசை. அவரு பாடுபட்ட மண்ண எடுத்தாந்து தண்ணியில கரைச்சு வாயில ஊத்துங்க. நிம்மதியாப் போயிருவாரு."

பாத்துக்க மாப்பிள்ளை. ஒன்னு, எனக்கு ஒன்னுமில்ல. இல்லாட்டி, நான் செத்துட்டேன். நடுவுல நோயாளின்னு ஒரு எடமே எனக்கு இந்த வீட்டுல குடுக்கல.

மண்ணும் வந்துச்சு. ஒரு டம்ளர்ல கலக்கி உள்ளங்கையில அள்ளி வாயில விட்டாக. விட்டதும் தெரிஞ்சு போச்சு. நம்ம புஞ்சை மண்ணு கரிக்கும், பசை மாதிரி நாக்குல ஒட்டும். இதுல ஆட்டுப் புழுக்கை நாத்தம் அடிக்குது. எனக்கு வந்த கோவத்துல நெஞ்சுல இருந்த உலக்கை எங்க போச்சுன்னு தெரியல. எந்திரிச்சு உக்காந்து, "ஏலே, இது நம்ம ஆட்டுப்பட்டி மண்ணுடா!"ன்னேன்.

"பேசிட்டாரு!"ன்னு வீரபத்திரன் எந்திரிச்சு நின்னான். "போறதுக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு தெளிவு வரும். எல்லாரும் கிட்ட வந்து மூஞ்சியக் காட்டுங்க."

காளீஸ்வரன் தலையச் சொறிஞ்சான். "புஞ்சைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள நீங்க போயிட்டா என்னய்யா செய்யிறது? அதான் பக்கத்துலயே எடுத்தேன்."

புஞ்சை இங்கருந்து கூப்புடு தூரம். கைய நீட்டுனா மிளகாச் செடி தெரியும். அப்பனக் கடைசியா வழியனுப்ப அம்புட்டுத் தூரம் நடக்க எம்மவனுக்கு மனசு வரல. நான் இத்தனை வருசமும் காலத் தேச்சுக்கிட்டு நடந்தது அந்த வரப்புலதான்.

அதுக்குள்ள ஒனக்குப் போன் போயிருச்சு. "பொழுது தாங்காது"ன்னு சொன்னது வீரபத்திரன். அதுக்கு நான் ஒன்னயக் குத்தம் சொல்லல. ஆனா நீ வந்த வேகத்தச் சொல்லணும். எங்கய்யா செத்தப்ப காலையில சொல்லிவிட்டதுக்கு நீங்க எல்லாம் பொணம் எடுத்ததுக்கப்புறம் வந்தீக. எனக்கு மட்டும் டீத் தண்ணி ஆறுறதுக்குள்ள வேன் நிறைய ஆளோட வந்து எறங்குற. தெரு முக்குலயே ஈஸ்வரி மாரடிச்சு ஆரம்பிச்சிருச்சு. "கட்டில்ல சாஞ்சீகளோ அண்ணே, கண்ணு தொறக்க மறந்தீகளோ"ன்னு பாடிக்கிட்டே தலைய விரிச்சுப்போட்டு வாசலுக்குள்ள நுழையுது. நான் டீ கிளாஸும் கையுமா உக்காந்துருக்கேன். ரெண்டு பேரும் நேருக்கு நேரா பாத்துட்டோம். அப்பவாச்சும் நிறுத்தணுமா இல்லையா? நிறுத்தல. திருவாடானையில இருந்து கட்டிக்கிட்டு வந்த பாட்டு பாதியில விட மனசு வரல போலருக்கு. நான் எதுத்தாப்புல உக்காந்து, நான் எப்படியெல்லாம் செத்துப்போனேன்னு கடைசி அடி வரைக்கும் கேட்டேன். அதுல நான் ஒரு தடவகூட அவுக வீட்டுக்கு முழுசா ஒரு வாழைத்தார் கொண்டு போகலங்கறதும் வந்துச்சு. முடிச்சு, மூக்கச் சிந்தி, கொண்டையப் போட்டுக்கிட்டு, "எப்படிண்ணே இருக்கீக?"ன்னு கேட்டுச்சு.

மாலைய வேன் கம்பியில தொங்கவிட்டு மறந்துட்டீக. அத எங்க வெள்ளாடு தின்னுச்சு. எனக்கு வந்த மாலையில ஒரு பூக்கூட எனக்குக் கெடைக்கல. வந்த சனத்துக்குச் சோறு போடணுமேன்னு வீட்டுல இருந்த சேவல அறுத்தாக. அன்னிக்கு இந்த வீட்டுல ஒரு உசுரு போச்சுன்னா அது அதுதான். அதுக்கு யாரும் பாடல.

சாப்புட்டு முடிச்சதும் நீ என் கட்டில்லயே உக்காந்து பல்லக் குத்திக்கிட்டு, "எங்க அக்கா கல்யாணத்துல எங்கய்யா ரெண்டு கடா வெட்டுனாருல்ல, அந்த ருசி இதுல இல்ல"ன்ன. வெட்டுனது ஒரு கடா. கருப்புக் கடா, எடது காது மடிஞ்சது. ரெண்டாவது கடான்னு பந்தியில எல கடைசிக்கு வந்தது கத்தரிக்கா. நீ அன்னைக்கு அரைஞாண் கயித்தோட பந்திக்குக் குறுக்க ஓடிக்கிட்டிருந்த பய, ஒனக்கு என்ன தெரியும்னு கேட்டேன். நீ விடல. நானும் விடல. பொழுது சாயுற வரைக்கும் கத்திட்டு, நீ வேன்ல ஏறிப் போயிட்ட.

போனதுக்கப்புறம்தான் பாக்குறேன், என் கட்டிலுக்கு எதுத்த ஆணியில மஞ்சப்பை. உள்ள கத்தரிப்பூக் கலர்ல, மஞ்சக் கரை போட்ட புதுச் சேலை. நான் செத்த அன்னிக்கு ஒங்க அக்கா தோள்ல, பொறந்த வீட்டுக்காரன் நீ கொண்டாந்து போட வேண்டிய கோடிச் சேலை.

அதத் திருப்பி எடுத்துட்டுப் போனா போற வீட்டுல எழவு விழும்னு நீ பயந்து மாட்டிட்டுப் போயிட்ட. எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற? ஒன் வீட்டுல விழ வேண்டியத என் வீட்டு ஆணியில மாட்டிட்டுப் போயிருக்க. இப்ப அத யாரும் தொட மாட்டேங்கறாக. கட்டவும் முடியாது, இன்னொருத்திக்குக் குடுக்கவும் முடியாது, கோயிலுக்குச் சாத்தவும் முடியாது, எரிக்கவும் பயம். கண்ணத் தொறந்தா பை. முத்தழகு அத எடுத்து நெல்லுக் குலுக்கைக்குள்ள வச்சா. அப்ப கண்ண மூடுனாலும் பை. குலுக்கைக்குள்ள என்ன செய்யுதோ, எலி கடிச்சா அது என்ன சகுனமோன்னு இன்னும் மோசமாப் போச்சு. மறுபடி ஆணியிலயே மாட்டச் சொன்னேன். எதிரி கண்ணு முன்னாடியாச்சும் இருக்கட்டும்னு.

அதுல இருந்து தெனம் வருது. சோத்துல கைய வைக்கறப்ப வருது. யாரு போன் அடிச்சாலும் வருது. மூணாவது தெருவுல வேட்டு வெடிச்சா அது எனக்குத்தானோன்னு தோணுது. செவ்வந்தியோட அம்மாவுக்கு இதே மாதிரி இருந்து ராமநாதபுரத்துல ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டுனாகன்னு கேள்விப்பட்டு, ஒங்க அக்காதான் என்னையப் பஸ்ல ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போனா. பேரு மாஷிதா. சின்ன வயசு. வயரக் கியரத் தொடல. எப்ப வருது, வாரப்ப என்ன நெனைக்கிறீக, எதுக்கு ரொம்பப் பயப்படுறீகன்னு பொறுமையாக் கேட்டுச்சு. நான் பைக் கதையச் சொன்னேன். வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சிருச்சு. உடனே "மன்னிச்சுக்கங்க அய்யா"ன்னுச்சு. இந்தக் கதையில என்கிட்ட மன்னிப்புக் கேட்ட ஒரே ஆளு அந்தப் புள்ளைதான்.

"ஒன்னுமில்லன்னு நான் சொல்ல மாட்டேன் அய்யா. இது நெசமான நோய். பதட்ட நோய்"ன்னுச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு மாப்பிள்ளை. எனக்கு ஒரு நோய் இருக்குன்னு சொல்ல ஒரு ஆளு கெடைக்க புரட்டாசியில இருந்து பங்குனி வரைக்கும் ஆகியிருக்கு.

"ஒங்க ஊருல கம்மாய் ஒடையப் போகுதுன்னா தமுக்கு அடிப்பாகளா?"ன்னு கேட்டுச்சு. அடிப்பாகன்னேன். "ஒங்க உடம்புக்குள்ள ஒரு காவக்காரர் இருக்காரு. கம்மாய்ல தண்ணியே இல்லாதப்பவும் ஒடஞ்சிருச்சு ஒடஞ்சிருச்சுன்னு அடிக்கிறாரு. அதுதான் இது."

"அவன மாத்த முடியாதா தாயி?"

"மாத்திரை தாரேன், கொஞ்சம் மெதுவா அடிப்பாரு. ஆளு அவரேதான் இருப்பாரு. ஆனா அவரு அடிக்கிறப்பல்லாம் நீங்க மம்பட்டியத் தூக்கிக்கிட்டு ஓட வேண்டியதில்ல. உக்காந்து, மூச்ச மெதுவா இழுத்து, அதவிட மெதுவா விடுங்க. அடிச்சு அடிச்சு அவருக்கே கை வலிச்சு நிப்பாட்டிருவாரு. எதுக்குப் பயப்படுறீகளோ அதக் கண்டு ஓடாதீங்க, கொஞ்ச நேரம் அது பக்கத்துலயே இருங்க."

அதாவது, எழவுப் பைக்குப் பக்கத்துல உக்காருன்னு சொல்லுது. இதுக்கு பஸ்ஸு ஏறிப் போகணுமான்னு எனக்குக் கடுப்பா வந்துச்சு. அந்தக் காவக்காரன மட்டும் குத்தம் சொல்லியும் என்ன? மழை பெய்யலன்னாலும் பதறி, பெஞ்சாலும் பதறி, வானத்தப் பாத்தே கழுத்துச் சுளுக்கின சீமை இது. ஊரு முழுக்க அவன் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கான். எவனும் வெளிய சொல்லல. நான் சொல்லிட்டேன், நான் கிறுக்கன்.

வீட்டுக்கு வந்ததும் காளீஸ்வரன், "யாரு கேட்டாலும் சுகர் பாக்கப் போனோம்னு சொல்லுங்கய்யா"ன்னான். சுகருன்னா மரியாதை, பாரு. வீரபத்திரன் மாத்திரைய மோந்து பாத்துட்டு, "மனசுக்குத்தானா? அப்ப ஒன்னுமில்ல"ன்னான். மருமக, "எதையும் நெனைக்காதீக மாமா"ங்குது. நெனைக்காம இருக்கறதுக்கு என்ன செய்யணும்னு நெனைச்சு நெனைச்சு ரெண்டு நாளு எனக்குத் தூக்கம் போச்சு. ஒங்க அக்கா ஒன்னும் சொல்லல. சுடுதண்ணி வச்சுக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிர்றா. கல்லுல செஞ்சவ.

அதனால மாப்பிள்ளை, எனக்கு நியாயமும் வேணாம், மன்னிப்பும் வேணாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து பைய எடுத்துட்டுப் போ. ஒன் வீட்டு ஆணியில மாட்டிப் பாரு, அப்பத் தெரியும். வாரப்ப வாசல்லயே நில்லு. உள்ள வந்து கட்டில்ல உக்காராத, கடாவப் பத்தி வாயத் தொறக்காத. இதோட ஒனக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை அத்துப்போச்சு.

மற்றபடி, தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் பயிர் பச்சையோடு, பாடுகிற தொண்டையோடு, பல்லாண்டு வாழ ஈசுவரனைக் கேட்டுக்கொள்ளும்,
சாகாத மச்சான்,
கூத்தையா. பெருவிரல் ரேகை.

பின்குறிப்பு: செவ்வந்தி கடுதாசிய மடிச்சிருச்சு. மறுபடி பிரிக்கச் சொல்லியிருக்கேன். அடுப்படியில இருந்து ஒங்க அக்கா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. வெளிய வந்தா. "எந்தம்பிய வாசல்ல நிக்கச் சொல்லியா எழுதுனீக?"ன்னா. நேராப் போயி ஆணியில இருந்து பைய எடுத்தா. உள்ள போனா. வெளிய வாரப்ப கத்தரிப்பூக் கலருச் சேலைய இழுத்துக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. மாப்பிள்ளை, எனக்கு உள்ள ஒரு தமுக்கு இல்ல, ஊருத் தமுக்கு மொத்தமும் அடிக்குது. செவ்வந்தி பேனாவக் கீழ போட்டுருச்சு. "அடியே, அவுத்து எறிடி, நான் இன்னும் இருக்கேன்டி!"ன்னு கத்துனேன்.

அவ கட்டில் ஓரத்துல வந்து உக்காந்தா. "இருக்கீகல்ல? அப்பப் பாருங்க. டாக்டரம்மா என்ன சொல்லுச்சு? ஓடாதீக. மூச்ச இழுங்க. மெதுவா. எந்தம்பி எனக்கு எடுத்த சேலை, நீங்க செத்தாத்தான் கட்டணும்னு நான் எதுக்குக் காத்துக் கெடக்கணும்? இத்தனை நாளும் அந்தப் பையப் பாத்துக்கிட்டு எனக்கு மட்டும் நெஞ்சு சும்மாவா இருந்துச்சு?"ன்னா. அவ கையி என் கையப் புடிச்சிருந்துச்சு.

உள்ள இருக்கற காவக்காரன் அடிச்சான், அடிச்சான். கடைசியில கை ஓஞ்சு நிப்பாட்டிட்டான். சேலை வெறும் சேலையா இருந்துச்சு. அவளுக்கு எடுப்பாத்தான் இருக்கு. கோவம் என்னன்னா, எத்தனை தீபாவளி, எத்தனை பொங்கல் போச்சு, இப்படி ஒரு நல்ல கலரா எடுத்துக் குடுக்க ஒனக்குத் தோணல. நான் சாகப் போறேன்னதும் தேடிப்புடிச்சு எடுத்திருக்க.

அதனால பைய எடுக்க வர வேணாம். பை காலி. நெசமா நான் போற அன்னிக்கு நீ புதுசா இன்னொன்னு எடுத்தாகணும், அது ஒன் பாடு. ஆனா வெள்ளிக்கிழமை வா. வேன் வேணாம், ஈஸ்வரி பாட்டு வேணாம், மாலை வேணாம், நீ மட்டும் பஸ்ல வா. உள்ள வந்து கட்டில்லயே உக்காரு. அன்னிக்கு நீ கத்திக்கிட்டு இருந்த நேரம் முச்சூடும் எனக்கு நெஞ்சு ஒரு தடவகூட அடிச்சுக்கல. அத இன்னிக்குத்தான் யோசிச்சேன்.

வெட்டுனது ஒரு கடாதான். இல்ல, ரெண்டுன்னு சொல்றதுக்காச்சும் வந்து சேரு.